எண்ணிக்கையில் விழாத கரை

ஒரு துறையில் ஆண்டுதோறும் எத்தனை ஆய்வுக் கட்டுரைகள் வெளியாகின்றன, அவற்றை எந்த நாட்டார் எழுதுகின்றனர், எந்தத் தலைப்புகள் பெருகுகின்றன, எவை மெல்ல மறைகின்றன, யாருடைய கட்டுரையை யார் மேற்கோள் காட்டுகின்றனர் என்பவற்றையெல்லாம் எண்ணிக் கணக்கிட்டு, அந்தக் கணக்கின் வழியே துறையின் போக்கை அறிய முற்படும் முறை நூலளவையியல் எனப்படும். இதற்கான மூலப்பொருள் ஆய்விதழ்களின் சுட்டித் தொகுப்புகளிலிருந்து கிடைக்கிறது. யூஜீன் கார்ஃபீல்டு பிலடெல்பியாவில் நிறுவிய அறிவியல் தகவல் நிறுவனம் 1964இல் அறிவியல் மேற்கோள் சுட்டியையும் 1973இல் சமூக அறிவியல் மேற்கோள் சுட்டியையும் வெளியிடத் தொடங்கிய பின்னரே இத்தகைய கணக்கெடுப்பு பெரிய அளவில் இயன்றது. இன்று ‘வெப் ஆஃப் சயின்ஸ்’ என்ற பெயரில் வழங்குவது அந்தச் சுட்டிகளின் வழித்தோன்றலே. அதற்குப் போட்டியான ‘ஸ்கோப்பஸ்’ 2004 நவம்பரில் வந்தது. இவற்றுள் ஒன்றைத் திறந்து, ஒரு திறவுச்சொல்லை இட்டு, கிடைக்கும் கட்டுரைகளை ஆண்டுவாரியாக வரைந்தால், ஏறுமுகமான கோடு ஒன்று கிடைத்துவிடும். ஏறக்குறைய எல்லாத் துறைகளிலும் கட்டுரைகள் பெருகியே வருவதால் கோடு ஏறுவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எவை எண்ணப்பட்டன, எவை எண்ணப்படாமல் நின்றன என்று பார்ப்பதில்தான் பயன் இருக்கிறது. சுற்றுச்சூழல் உளவியல் என்னும் துறையைப் பற்றி அந்தக் கேள்வியை எழுப்புவதற்கு, காவிரிப் படுகையின் கடலோரத்தில் அமைந்த காரைக்காலைவிடப் பொருத்தமான இடம் அரிது.

சுற்றுச்சூழல் உளவியல் என்பது மனிதரின் எண்ணம், உணர்ச்சி, நடத்தை ஆகியவற்றுக்கும் அவர்கள் வாழும் இடத்துக்கும் உள்ள உறவை ஆராய்வது. இங்கே இடம் என்பது வீடு, வகுப்பறை, மருத்துவமனை வார்டு, தெரு, வயல், கடற்கரை, பருவநிலை என எதுவாகவும் இருக்கலாம். எகோன் பிரன்ஸ்விக் என்ற உளவியலாளர் 1943இலேயே இந்தப் பெயரைக் கையாண்டிருக்கிறார். ரோஜர் பார்க்கர் 1947இல் கான்சஸ் மாநிலத்தின் ஆஸ்கலூசா என்ற சிற்றூரில் கள ஆய்வு நிலையம் ஒன்றை அமைத்து, அவ்வூர் மக்கள் கடையிலும் கோயிலிலும் பள்ளியிலும் நடந்துகொள்ளும் விதத்தை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார். ஆயினும் துறை என்ற தகுதி அதற்கு அமைந்தது, ஹரால்டு புரோஷான்ஸ்கி, வில்லியம் இட்டல்சன், லியான் ரிவ்லின் ஆகியோர் மனநல மருத்துவமனை வார்டுகளின் அமைப்பை ஆராயத் தொடங்கி, நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் 1968இல் முனைவர் பட்டப் படிப்பு ஏற்பட்ட பிறகுதான். அடுத்த ஆண்டில் ‘என்விரான்மெண்ட் அண்ட் பிஹேவியர்’ என்ற இதழும், 1981இல் டேவிட் கேண்டர், கென்னத் கிரெய்க் இருவரின் பொறுப்பில் ‘ஜர்னல் ஆஃப் என்விரான்மெண்டல் சைக்காலஜி’யும் தோன்றின. துறையின் போக்கைக் கணிப்போர் முதலில் எடுத்து எண்ணுவது இவ்விரு இதழ்களையே. பின்னதன் முதல் முப்பது ஆண்டுகளை மட்டும் எண்ணிப் பார்த்த நூலளவையியல் ஆய்வு ஒன்று 2013இல் வெளிவந்தது.

தொடக்க காலத்தின் பெரும்பாலான ஆய்வுகள் கட்டடங்களையும் நகரத்தையும் பற்றியவை. அர்லைன் பிரான்சாஃப்ட் 1975இல் ஓர் இணையாசிரியருடன் வெளியிட்ட கட்டுரை அவற்றுள் புகழ்பெற்றது. நியூயார்க்கில் மேம்பாலத் தண்டவாளத்தை ஒட்டிய பள்ளி ஒன்றில், ரயில் இரைச்சல் விழும் பக்கத்து வகுப்பறைகளில் பயின்ற குழந்தைகள் அமைதியான பக்கத்துக் குழந்தைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததை அது காட்டியது. அதன்பின் தண்டவாளத்திலும் வகுப்பறைகளிலும் இரைச்சலைக் குறைக்கும் ஏற்பாடுகள் செய்யப்பட்டபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டதை அவரே 1981இல் எழுதினார். ஆய்வு, அதனால் ஏற்பட்ட மாற்றம், மாற்றத்தின் விளைவைச் சோதித்த மறு ஆய்வு என மூன்றும் அச்சில் கிடைப்பது எந்தத் துறையிலும் அரிதாகவே நிகழ்கிறது. 1984இல் ரோஜர் உல்ரிச் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட சிறு கட்டுரை, அறுவை சிகிச்சைக்குப் பின் சன்னல் வழியே மரங்களைக் கண்ட நோயாளிகள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிட விரைவில் வீடு திரும்பினர் என்றது. அதன் அடிப்படை 46 நோயாளிகளின் மருத்துவப் பதிவேடுகள் மட்டுமே என்றாலும், பசுமை மனத்தைத் தேற்றும் என்ற கருத்தின்மேல் எழுந்த பெருந்தொகையான இலக்கியத்துக்கு அது தோற்றுவாயாயிற்று.

இன்னொரு கிளை, 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வீடுகளில் மின்சாரத்தையும் எரிபொருளையும் சிக்கனப்படுத்தும் நடத்தையை ஆராய்ந்தது. 1978இல் ரைலி டன்லப்பும் கென்ட் வான் லியரும் இயற்கையைப் பற்றிய மக்களின் நோக்கை அளக்க ஒரு வினாநிரலை வகுத்தனர். அதன் 2000ஆம் ஆண்டுத் திருத்தப்பதிப்பு இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. பருவநிலை மாற்றம் துறையின் நடுமேடைக்கு வந்தது அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2009இல் தன் அறிக்கையை வெளியிட்டதை ஒட்டி. இந்த நகர்வை வேறொரு சான்றாலும் காணலாம். உளவியலின் கிளைகளை அவ்வப்போது மதிப்பிடும் ‘ஆனுவல் ரிவ்யூ ஆஃப் சைக்காலஜி’ என்ற ஆண்டு மலரில் சுற்றுச்சூழல் உளவியலுக்கென மதிப்புரைகள் 1973, 1978, 1982, 1986, 1990, 1996 ஆகிய ஆண்டுகளில் நான்கு முதல் ஆறு ஆண்டு இடைவெளியில் ஏறத்தாழ ஒழுங்காக வந்தன. அதற்கடுத்தது ராபர்ட் கிஃபோர்டு எழுதி 2014இல் வந்தது. பதினெட்டு ஆண்டுக்கால மௌனத்துக்கு முன்னர் அறையும் கட்டடமும் முதன்மையாக இருந்தன. பின்னர் புவியின் வெப்பம் முதன்மையாயிற்று. கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட இந்த இடைவெளி துறையின் தடுமாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகிறது.

யாரை ஆராய்ந்தார்கள் என்ற கேள்வி இதைவிடக் கூர்மையானது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு முன்னணி இதழ்களை 2003 முதல் 2007 வரை எண்ணிப் பார்த்த ஜெஃப்ரி ஆர்னெட், ஆய்வுக்குட்பட்டவர்களில் 96 விழுக்காட்டினர் மேற்கத்திய தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2008இல் எழுதினார். அந்நாடுகளின் மக்கள் உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ 12 விழுக்காடு. சுற்றுச்சூழல் உளவியலும் இதற்கு விலக்காக இல்லை என்பதைக் கிம்-போங் டாம், டாசியானோ மில்ஃபோன் இருவரும் 2020ஆம் ஆண்டு மதிப்புரையில் எடுத்துக்காட்டி, பண்பாடுகளுக்கிடையிலான ஒப்பாய்வை வற்புறுத்தினர். மனம் எங்கும் ஒன்றே என்று கொண்டு பிற கிளைகள் ஓரளவு தப்பித்துக்கொள்ளலாம். இடத்தைப் பற்றிய அறிவியலுக்கு அந்த வழி இல்லை. இந்தியா சேர்க்கப்படும் ஆய்வுகளிலும் சிக்கல் தீர்ந்துவிடுவதில்லை. பருவநிலை குறித்த இளைஞரின் கவலையை அளந்து 2021இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 பேரிடம் நடத்தப்பட்டது. அவர்களுள் ஆயிரம் பேர் இந்தியர். இணைய வழியாக, இந்தியாவில் ஆங்கிலம் அறிந்தோருக்கே எட்டும் வகையில் அமைந்த அந்த வினாநிரல், புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியதும் படகைக் கரையேற்றும் காரைக்கால் பட்டினச்சேரி மீனவ இளைஞரிடம் போய்ச் சேர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

பூகம்பமும் வதந்தியும்

இவற்றையெல்லாம் வைத்து, இந்தத் துறை மேற்கில் பிறந்து, காலம் தாழ்த்தி இந்தியாவுக்கு வந்தது என்று முடிவு செய்வது எளிது. பெரும்பாலான வரலாறுகள் அப்படித்தான் எழுதப்படுகின்றன. துறைக்குப் பெயர் அமைவதற்கு முன்னரே செய்யப்பட்ட இந்திய ஆய்வு ஒன்று அந்த முடிவை அசைத்துப் பார்க்கிறது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய பூகம்பத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாட்னாவில் இருந்த ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர், அதிர்ச்சியை உணர்ந்தும் பேரழிவைக் கண்ணால் காணாத மக்களிடையே பரவிய வதந்திகளைத் திரட்டி 1935இல் ‘பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்காலஜி’யில் வெளியிட்டார். இன்னும் பெரிய பூகம்பம் வரும், வெள்ளம் வரும் என்று அச்சத்தை மிகுவிக்கும் வதந்திகளே அவற்றுள் மிகுந்திருந்தன. பின்னர் துர்கானந்த் சின்ஹா 1950ஆம் ஆண்டின் டார்ஜிலிங் நிலச்சரிவுக்குப் பின் வழங்கிய பேச்சுகளைத் திரட்டி 1952இல் அதே இதழில் எழுதினார். அழிவை நேரில் கண்ட அம்மக்களிடையே எதிர்கால அச்சத்தைக் கிளப்பும் வதந்திகள் பரவவில்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த லியோன் ஃபெஸ்டிங்கர், காரணம் தெரியாத அச்சத்தில் இருப்பவர்கள் அந்த அச்சத்துக்கு ஏற்ற காரணத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்ற எண்ணத்துக்கு வந்தார். 1957இல் அவர் வெளியிட்ட, உள்ளத்தில் ஒன்றோடொன்று பொருந்தாத எண்ணங்கள் தரும் நெருக்கடி பற்றிய புகழ்பெற்ற கோட்பாட்டுக்கு இந்தச் சிந்தனையே தொடக்கம். இருபதாம் நூற்றாண்டுச் சமூக உளவியலின் ஒரு பெருங்கோட்பாடு பீகாரில் அசைந்த நிலத்திலிருந்து முளைத்தது என்று சொன்னால் மிகையாகாது. எனினும், சுற்றுச்சூழல் உளவியலின் வெளியீட்டுப் போக்கைக் காட்டும் வரைபடங்கள் 1969ஐ ஒட்டித் தொடங்குவதால், பிரசாத்தும் சின்ஹாவும் அவற்றுள் ஒரு புள்ளியாகவும் இடம்பெறுவதில்லை.

அதே 1934 ஜனவரியில், இலண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகத்தில் பணிபுரிந்த சாமுவேல் பிராட்ஃபோர்டு என்பவர் ‘எஞ்சினியரிங்’ என்ற இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரு பொருள் பற்றிய கட்டுரைகளைத் தேடுவோர், அப்பொருளுக்கே உரிய சில இதழ்களில் மூன்றில் ஒரு பங்கைக் கண்டுவிடலாம் என்றும், அடுத்த மூன்றில் ஒரு பங்குக்கு அதைவிடப் பன்மடங்கு இதழ்களைப் புரட்ட வேண்டும் என்றும், கடைசிப் பங்கோ எதிர்பாராத நூற்றுக்கணக்கான இதழ்களில் ஒவ்வொன்றாகச் சிதறிக் கிடக்கும் என்றும் அவர் கண்டார். இதுவே நூலளவையியலில் பிராட்ஃபோர்டு விதி எனப்படுகிறது. முதன்மை இதழ்களை மட்டும் எண்ணுவோர் துறையின் நடுப்பகுதியை நன்றாகவும் ஓரங்களை மிக மோசமாகவும் அறிவர் என்பது அதன் உட்கிடை. காரைக்கால் போன்ற இடங்களின் அறிவு ஏறத்தாழ முழுவதும் அந்த ஓரத்தில் இருக்கிறது.

நெரிசல் பற்றிய இந்திய ஆய்வுகளும் இந்தச் சிதறலுக்கு நல்ல சான்று. ஜான் கல்ஹூன் எலிகளை அளவுக்கு மீறி நெருக்கி அடைத்துவைத்து, நெரிசல் நடத்தையைச் சீரழிக்கும் என்று 1962இல் எழுதியது உலகையே அச்சுறுத்தியது. போபாலில் உதய் ஜெயின், அலகாபாத்தில் ஜனக் பாண்டே, புனேயில் கேரி எவன்ஸுடன் இணைந்து எம். என். பல்சானே ஆகியோர் இந்திய வீடுகளிலேயே இதைச் சோதித்தபோது, படம் சிக்கலாயிற்று. நெரிசலின் கேடு மக்களின் எண்ணிக்கையால் நேர்வதைவிட, சூழல் தம் கட்டுப்பாட்டில் இல்லை என்ற உணர்வாலும், வீட்டாரும் அண்டையாரும் தரும் ஆதரவு நைந்துபோவதாலும் நேர்வதாக அவ்வாய்வுகள் சுட்டின. 1989இல் வந்த புனே ஆய்வு சமூக உளவியல் இதழிலும், பாண்டேயின் ஆய்வு 1991இல் பயன்பாட்டுச் சமூக உளவியல் இதழிலும், புனே குழந்தைகளைப் பற்றிய தொடர் ஆய்வு 1998இல் குழந்தை வளர்ச்சி இதழிலும் வெளியாயின. சுற்றுச்சூழல் உளவியலுக்கென்று உள்ள இதழ்களை மட்டும் எண்ணியவர் இம்மூன்றையும் தவறவிட்டிருப்பார்.

கடலுக்குப் பிறகு

காரைக்கால் மாவட்டம் ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பும், 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 2 லட்சம் மக்களும் உடையது. மூன்று பக்கமும் தமிழ்நாட்டு மாவட்டங்களும் கிழக்கில் வங்கக்கடலும் சூழ்ந்திருக்க, நிர்வாகத்தில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கிலுள்ள புதுச்சேரியைச் சேர்ந்தது. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்று, 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவுடன் நடைமுறையில் இணைந்த இந்தத் துண்டு நிலத்தின் நிர்வாக எல்லையைக் கடலோ காவிரியோ அறியா. 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி, அக்கம்பேட்டை முதலிய மீனவ கிராமங்களுக்குள் புகுந்ததும், தெற்கே நாகப்பட்டினம் கரையை அழித்ததும் ஒரே அலைதான். நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல் இறந்தனர். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இறந்த ஏறத்தாழ 600 பேரில் மிகப் பெரும்பாலோர் காரைக்காலைச் சேர்ந்தவர்கள். தேசிய அட்டவணைகளில் அவர்கள் ‘புதுச்சேரி’ என்ற ஒற்றை வரியில் அடங்கிவிட்டனர். புதுச்சேரி என்றதும் வாசகர் மனத்தில் எழும் நகரமோ வேறு.

நான்காம் நாள், டிசம்பர் 30 அன்று, மற்றோர் ஆழிப்பேரலை வரக்கூடும் என்று மத்திய உள்துறை விடுத்த எச்சரிக்கையால் தமிழகக் கடற்கரை நெடுகிலும் மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேற்கே ஓடினர், அலை வரவில்லை. பிரசாத்தும் சின்ஹாவும் எழுப்பிய கேள்வியை மீண்டும் கேட்பதற்கு இதைவிடத் தகுந்த சூழல் அமைந்திருக்க முடியாது: அழிவைக் கண்டவர்களும் அழிவைக் கேள்வியுற்றவர்களும் ஒரே சாலையில் ஓடினார்கள், அவர்களுள் யார் எதை நம்பினார்கள், யாரிடம் கேட்டு நம்பினார்கள் என்பது சுற்றுச்சூழல் உளவியலின் மையத்துக்கே உரிய பொருள்.

வெளிவந்த ஆய்வுகள் பெரும்பாலும் வேறு திசையில் சென்றன. சென்னையின் தேசியக் கொள்ளைநோயியல் நிறுவனத்தைச் சேர்ந்தோர், பாதிக்கப்பட்ட மீனவ கிராமம் ஒன்றில் இரண்டு மாதங்களுக்குப் பின் நடத்திய ஆய்வு 2007இல் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பப்ளிக் ஹெல்த்’ இதழில் வந்தது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய், அதாவது நடந்து முடிந்த கொடுமை நினைவிலும் கனவிலும் மீண்டும் மீண்டும் எழுந்து உறக்கத்தையும் அன்றாட வாழ்வையும் குலைக்கும் நிலை, அவ்வூர்ப் பெரியவர்களில் 12.7 விழுக்காட்டினரிடம் காணப்பட்டது. பெண்களிடமும், காயமுற்றோரிடமும், வருமானம் அற்றுப்போன குடும்பத்தாரிடமும் அது மிகுந்திருந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அந்தோ ராஜ்குமார், பிரேம்குமார், பிரதாப் தரியன் ஆகியோர் 2008இல் ‘சோஷியல் சயின்ஸ் அண்ட் மெடிசின்’ இதழில் எழுதியது வேறு வகை. அளவுகோல் எதையும் கையிலெடுக்காமல் மக்களைக் கூட்டமாக அமர்த்திப் பேசவிட்டுக் கேட்ட அவர்கள், முறைசார்ந்த மனநலச் சேவைகளைவிடத் தம் சொந்த மனத்திட்பத்தையும் உறவையும் ஊரையும் இறைநம்பிக்கையையுமே மக்கள் பெரிதாக மதித்தனர் என்று கண்டனர். இவ்விரண்டில் பின்னதே காலத்தால் நிற்கக்கூடியது. ஒரு விழுக்காடு நோயின் பரப்பைச் சொல்லும், ஊர் எப்படி மீண்டது என்று சொல்லாது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் 2007இல் எழுதிய, கூட்டுத் துயரம் பற்றிய கட்டுரையும் இந்த வழியைச் சேர்ந்தது: தனி மனிதர் மட்டுமல்லாமல் குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயமுறுகின்றன என்பதைப் போரும் ஆழிப்பேரலையும் கண்ட வட இலங்கையிலிருந்து அவர் நிறுவினார். பொதுச் சுகாதாரம், சமூக மருத்துவம், மனநலச் சேவை எனப் பல துறை இதழ்களில் இவை பரவிக் கிடக்கின்றன. மனிதருக்கும் கடலுக்கும் இடையே நேர்ந்த ஒரு முறிவைப் பற்றியவை என்ற வகையில் இவை அனைத்தும் சுற்றுச்சூழல் உளவியலே.

கரையை விட்டு எத்தனை தூரம்

இடப்பற்று என்பது இத்துறையின் மிகுதியாக எழுதப்பட்ட தலைப்புகளுள் ஒன்று. ஒருவரை ஓரிடத்தோடு பிணைக்கும் உணர்வும் நினைவும் பழக்கமும் சேர்ந்ததே அது. லைலா ஸ்கேனலும் ராபர்ட் கிஃபோர்டும் 2010இல் அதை மூன்று கூறுகளாகப் பகுத்தனர்: பற்று வைப்பவர் யார், எவ்வாறு வைக்கிறார், எந்த இடத்தின்மேல் வைக்கிறார் என்பன அவை. நாற்பது ஆண்டு இலக்கியத்தை 2011இல் மதிப்பிட்ட போலந்து நாட்டு மரியா லெவிட்ஸ்கா, ஆய்வுகள் மனிதரைப் பற்றியே மிகுதியாகப் பேசி இடத்தைப் பற்றிக் குறைவாகப் பேசுகின்றன என்று குறைபட்டார். அவர் குறைபட்டது நியாயமே. வயது, கல்வி, எத்தனை ஆண்டு குடியிருப்பு என்ற விவரங்களை வினாநிரலில் நிரப்புவது எளிது. ஓரிடத்தின் தன்மையை விவரிக்க அங்கே போய் உட்கார வேண்டும்.

மீனவ கிராமத்தில் இடத்தின் தன்மை என்பது தொழிலிலிருந்து பிரிக்க முடியாதது. வீட்டு வாசலிலிருந்து கடலின் நிறமும் அலையின் குணமும் தெரிய வேண்டும். கட்டுமரமும் ஃபைபர் படகும் கரையில் கண்காணிப்பில் இருக்க வேண்டும். வலை பழுதுபார்க்கவும் மீன் உலர்த்தவும் மணல் வேண்டும். கோயிலும் ஊர்ப் பஞ்சாயத்துக் கூடுமிடமும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு 2005 மார்ச் மாதம் பிறப்பித்த ஆணை, கடலின் உயர்அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வாழ்வோர் அப்பால் குடிபெயர்ந்தால் புதிய வீடு இலவசம் என்றும், பெயர மறுப்போர் பழைய வீட்டைத் தாமே பழுதுபார்த்துக்கொள்ளலாம் என்றும் வகுத்தது. உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நடந்த மறுகட்டுமானத்தில் எழுந்த குடியிருப்புகள் இன்றும் ‘சுனாமி குடியிருப்பு’ என்றே இக்கரையில் அழைக்கப்படுகின்றன. நாகப்பட்டினம் மாவட்ட மீனவ கிராமங்களில் இதை நெருங்கிக் கவனித்த சுவிட்சர்லாந்து ஆய்வாளர் ஜெனிஃபர் டுய்ன் பாரென்ஸ்டைன், ஒப்பந்தக்காரர் கட்டிய ஒரே அச்சான கான்கிரீட் வீடுகளுக்காக நல்ல நிலையில் இருந்த பழைய வீடுகளும் நிழல் தந்த மரங்களும் அழிக்கப்பட்டதையும், வீட்டைச் சுற்றிய திறந்த வெளியில் நடந்த வாழ்வு அதனால் சுருங்கியதையும் எழுதினார். மானிடவியலாளர் ராஜா சுவாமி 2021இல் வெளியிட்ட நூல், அதே நாகப்பட்டினத்தில் இந்த இடப்பெயர்வு கைவினை மீனவரைக் கரையிலிருந்து விலக்கிய அரசியலைப் பேசுகிறது. முதலாவது வீட்டுவசதி, மறுகட்டுமானம் என்ற தலைப்பின் கீழும், இரண்டாவது மானிடவியல் என்ற தலைப்பின் கீழும் நூலகங்களில் அடுக்கப்படுகின்றன. இடப்பற்றில் இடத்தைக் காணோம் என்று லெவிட்ஸ்கா தேடிய அந்த இடம், பக்கத்து அலமாரியில் இருந்தது.

கடலோரத்துக்கு மேற்கே உள்ள வயல்களிலும் நிலைமை இதுவே. காரைக்கால் காவிரியின் கடைமடை; அரசலாறு, நாட்டாறு, திருமலைராஜனாறு வழியே வரும் நீர், தலைமடையிலும் இடைமடையிலும் உள்ளோர் எடுத்தது போக வந்து சேர்வது. காவிரி நடுவர் மன்றத்தின் 2007ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்பு புதுச்சேரிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி., 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலும் மாறவில்லை. புதுச்சேரி என்று எழுதப்பட்ட அந்த நீர் காரைக்கால் வயலுக்கானது. பலரும் பகிரும் வளத்தை ஒவ்வொருவரும் தம் பங்குக்குமேல் எடுக்கத் தூண்டப்படும் நிலையைப் பொதுவள இக்கட்டு என்பர். மேற்கத்திய ஆய்வுக்கூடங்களில் மாணவர்களைச் சமமாக அமர்த்தி விளையாட்டாக நடத்திய சோதனைகள் இதைப் பற்றி ஏராளம். வாய்க்காலில் சமம் என்பதே இல்லை. மேலே இருப்பவர் முதலில் எடுக்கிறார், கீழே இருப்பவர் நம்பிக்கையோடு காத்திருக்கிறார். இந்தச் சமமின்மையையே விளையாட்டின் விதியாக்கி மார்கோ ஜான்சனும் பிறரும் கொலம்பிய, தாய்லாந்துக் கிராமங்களில் நடத்திய களச் சோதனை 2012இல் வெளியானது, வேளாண் முறைகள் பற்றிய இதழில். மேட்டூர் அணை திறந்த செய்தி வந்த பிறகும் நாற்றங்காலை எப்போது தொடங்குவது என்று திருநள்ளாற்று விவசாயி எடுக்கும் முடிவில் உள்ள நம்பிக்கை, ஐயம், பழைய ஆண்டுகளின் நினைவு ஆகியவற்றை ஆராய்வோர், காவிரிப் பூசலைப் பற்றிய சட்ட இலக்கியத்தின் அளவில் பத்தில் ஒரு பங்கு எழுதினாலும் அது பெரும் தொண்டாகும்.

சுட்டித் தொகுப்புகளில் காரைக்கால் என்று தேடுவோரை இன்னொரு புதிரும் எதிர்கொள்ளும். கட்டுரை எங்கிருந்து வந்தது என்பதை நூலளவையியல் ஆசிரியரின் முகவரியைக் கொண்டே தீர்மானிக்கிறது. 2010இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகம் காரைக்காலில் திருவேட்டக்குடியில் அமைந்துள்ளதால், அதன் பொறியியல் கட்டுரைகள் காரைக்காலின் பெயரைத் தாங்கி வருகின்றன. ஊரைப் பற்றி அவற்றில் ஒரு சொல் இருக்க வேண்டியதில்லை. மாறாக, இந்தக் கரையின் மனிதரைப் பற்றிய ஆய்வுகள் சென்னை, வேலூர், ஆம்ஸ்டர்டாம், லுகானோ முகவரிகளோடு வெளியாகி, அவ்வூர்களின் கணக்கில் சேர்கின்றன. ஆய்வு செய்யப்பட்ட இடத்தை எண்ணும் பழக்கம் சுட்டித் தொகுப்புகளுக்கு இல்லை. இடத்தைத் தலைப்பொருளாகக் கொண்ட ஒரு துறையின் போக்கை, இடத்தைப் பதியாத கருவியால் அளப்பது எவ்வளவு பொருத்தம் என்ற ஐயம் அத்துறையார்க்கு இன்னும் போதிய அளவில் எழவில்லை.

பழி முழுவதையும் கருவியின்மேல் சுமத்துவதும் முறையாகாது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய் பற்றி மேலே கண்ட 2007ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பு தமிழ்நாட்டின் ஒரு கடலோர மீனவ கிராமம் என்று மட்டுமே சொல்கிறது. மனநோய் பற்றிய ஆய்வில் சிற்றூரின் பெயரை மறைப்பது, அவ்வூரார் எளிதில் அடையாளம் காணப்படாமல் காக்கும் அறநெறி. அதைக் குறை கூற இயலாது. ஆனால் பெயரை மறைப்பதற்கும் வட்டாரத்தையே துடைத்துவிடுவதற்கும் இடையே ஒரு வழி உண்டு. காரைக்காலுக்கு அதன் பிரெஞ்சு வரலாறே அந்த வழியைத் தந்திருக்கிறது. கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்ற ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் காரைக்கால் நகராட்சியும், தனி மனிதரை வெளிப்படுத்தாத அளவுக்குப் பெரியவை, கடலோரத்தையும் கடைமடையையும் பிரித்துக் காட்டும் அளவுக்குச் சிறியவை.

ஆகவே இந்தக் கரையைப் பற்றித் தேடுவோர் சுற்றுச்சூழல் உளவியல் என்ற சொல்லோடு நின்றுவிடாமல், மீன்வளம், மனநலம், மறுகட்டுமானம், பாசனம் என்ற சொற்களோடும், காரைக்காலோடு நாகப்பட்டினம் என்ற பெயரோடும் தேட வேண்டும். எழுதுவோருக்கான வேலை இன்னும் எளியது. காரைக்காலிலுள்ள வேளாண் கல்லூரியிலும் ஜிப்மர் கிளையிலும் கலைக் கல்லூரிகளிலும் ஆண்டுதோறும் மாணவர் ஆய்வேடுகளை நெறிப்படுத்தும் ஆசிரியர்கள், களம் எந்தக் கொம்யூனில் அமைந்தது என்பதையும் அருகிலுள்ள ஆற்றின் பெயரையும் ஆய்வுச் சுருக்கத்திலும் திறவுச்சொற்களிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் இடும்படி மாணவர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். களம் ‘புதுச்சேரி’ என்று மட்டும் எழுதி வரும் ஏட்டைத் திருப்பி அனுப்ப வேண்டும்.